13 அணி பார்த்த இஷ் ஸ்மித்: ஓர் ஆட்டக்காரரின் தொழில் வாழ்க்கையைப் படிப்பது எப்படி

கூடைப்பந்து பழகும் பிள்ளைகளைக் கேட்டால் எல்லாரும் ஸ்டீபன் கரி பெயரைத்தான் சொல்வார்கள். கோவையில் மாலை வேளையில் என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களும் அப்படித்தான். கரியின் ஆட்டத்தைப் பார்த்துக் கற்க ஏராளம் உண்டு. ஆனால் கூடைப்பந்தைத் தொழிலாக வைத்துப் பிழைப்பது எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் அவருடைய கதை உதவாது. 2009இல் கோல்டன் ஸ்டேட் அணி எடுத்தது, அங்கேயே நட்சத்திரமானார். அவர் பெட்டி கட்ட வேண்டியே வரவில்லை.

அதனால் ஓரளவு விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கு நான் வேறொருவரைக் கொடுக்கிறேன்: இஷ் ஸ்மித். ஆறடி உயர பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர். 1988இல் வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில் பிறந்தவர், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 2010 ட்ராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்திர நிகழ்வில், 60 பேரை எடுத்தார்கள். அந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதற்குப் பிறகு 14 சீசன் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ஆடினார், 13 அணிகளுக்கு. வேறு யாரும் அத்தனை அணிகளுக்கு ஆடியதில்லை. அவருக்கு முன்னால் சக்கி பிரவுன், ஜிம் ஜாக்சன், டோனி மாசன்பர்க், ஜோ ஸ்மித் ஆகிய நால்வரும் ஆளுக்கு 12 அணி என்ற கணக்கில் நின்றிருந்தார்கள்.

பட்டியலை முதல்முறை பார்க்கும் பிள்ளைகள், "எல்லாரும் துரத்தி விட்டிருக்காங்களே சார்" என்பார்கள். அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் 13 அணிகள் ஒருவரை விட்டிருக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் 13 அணிகள் அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். உலகம் முழுக்க ஆள் இருக்க, என்.பி.ஏ.வில் 30 அணிகள், அணிக்கு 15 முழு ஒப்பந்தங்கள், அதற்கு வெளியே கொஞ்சம் இடம், அவ்வளவுதான். ட்ராஃப்டில் பெயர் வராத ஆறடிக்காரரை அந்த இடத்துக்கு 14 வருடம் ஏன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் லீக் நடக்கும் விதமே புரிந்துவிடும். படிக்கும் முறையைச் சொல்கிறேன்.

நோட்டில் கோடு போடுங்கள்

பேஸ்கட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் பக்கத்திலும் கீழே போனால் அவருடைய இடமாற்றங்கள் தேதியோடு வரிசையாக இருக்கும். மேலே இருக்கும் புள்ளி, ரீபவுண்ட் சராசரிகளை இப்போதைக்குத் தொட வேண்டாம். நேராகக் கீழே போங்கள். ஒரு நீள நோட்டை எடுத்து ஆறு பத்தி போடுங்கள்: தேதி, எங்கிருந்து எங்கே, எந்த வழியில், அதே நாளில் வந்தவர் போனவர் யார், அந்த அணியில் அப்போது யாருக்குக் காயம், அதன்பின் இவர் எத்தனை நிமிடம் ஆடினார். முதல் மூன்று பத்தியும் அந்தப் பக்கத்திலேயே கிடைத்துவிடும். அடுத்த மூன்றுக்குத்தான் பழைய செய்திகளைத் தேடி உழைக்க வேண்டும். விஷயம் முழுக்க அந்த மூன்றில்தான் இருக்கிறது.

கையால் எழுதுங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறேன். போனில் விரலால் தள்ளிக்கொண்டே போனால் 2012க்கும் 2015க்கும் வித்தியாசம் மனதில் நிற்காது.

"எந்த வழியில்" என்ற பத்தியில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒப்பந்தம் போட்டார் என்றால் தெரியும். ட்ரேட் என்றால் ஓர் அணி அவரை இன்னோர் அணிக்கு மாற்றிக்கொடுக்கிறது. பெரும்பாலும் அவரைக் கேட்க மாட்டார்கள். வேவர் என்பதுதான் பிள்ளைகளுக்குக் குழப்பம் தரும். அணி ஒருவரை விடுவித்தால் 48 மணி நேரம் அவர் அந்தரத்தில் இருப்பார். அதற்குள் வேறோர் அணி கை தூக்கினால் பழைய ஒப்பந்தத்தோடு அப்படியே அங்கே போவார். யாரும் தூக்கவில்லை என்றால் அவர் எந்த அணியோடும் புதிதாகப் பேசலாம். அப்புறம் 10 நாள் ஒப்பந்தம். ஜனவரி 5க்குப் பிறகுதான் போடலாம். 10 நாள் அல்லது 3 ஆட்டம், எது நீளமோ அது. ஒரே அணி ஒரே சீசனில் ஒருவருக்கு இரண்டு முறைதான் இதைக் கொடுக்க முடியும். மூன்றாவது முறை வேண்டுமென்றால் சீசன் முடியும்வரை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

எழுதும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். அணியில் பெயர் இருப்பதும் அந்த அணிக்கு ஆடுவதும் ஒன்றல்ல. 2014 இலையுதிர் காலத்தில் இஷ் ஸ்மித் ஹூஸ்டன் கேம்ப்புக்கு (சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமுக்கு) போனார், சீசன் தொடங்குமுன் விடுவிக்கப்பட்டார். 2015இல் வாஷிங்டன் கேம்ப்பிலும் அதுவே நடந்தது. 2015 பிப்ரவரியில் ட்ரேட் மூலம் நியூ ஆர்லியன்ஸ் போனார். ஓர் ஆட்டம்கூட ஆடாமல் அங்கிருந்து வேவர் வழியாக பிலடெல்பியா போய்ச் சேர்ந்தார். இந்த மாதிரி வரிகளைப் பென்சிலால் எழுதுங்கள். 13 என்ற எண்ணிக்கையில் இவை சேராது. ஆனால் வாழ்க்கையில் இவையும் நடந்தவைதான்: வீடு பார்த்து, சாமான் பிரிக்காமலேயே அடுத்த ஊருக்குக் கிளம்பிய மாதங்கள்.

தேதியைப் பாருங்கள்

விவசாயிக்குப் பஞ்சாங்கம் எப்படியோ, பெஞ்சில் கடைசியில் உட்காரும் ஆட்டக்காரருக்கு லீக் காலண்டர் அப்படி. ஜூனில் ட்ராஃப்ட். ஜூலையில் ஒப்பந்தக் காலம். பெரிய பெயர்கள் முதல் சில நாளில் முடிந்துவிடும், மற்றவர்கள் ஆகஸ்ட் வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். செப்டம்பர் கடைசியில் கேம்ப். அக்டோபரில் ஆள் குறைப்பு. உறுதி செய்யப்படாத ஒப்பந்தங்கள் ஜனவரி 10இல் உறுதியாகிவிடும் என்பதால், விடுவிக்க நினைக்கும் அணிகள் அதற்கு மூன்று நாள் முன்பே கையெழுத்துப் போட்டுவிடும். பிப்ரவரியில் ட்ரேட் கெடு. வேறோர் அணிக்குப் போய் பிளேஆஃப் (பட்டத்துக்கான கடைசிக் கட்டச் சுற்றுகள்) ஆட வேண்டுமென்றால் மார்ச் 1க்குள் பழைய அணி விட்டிருக்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டு இஷ் ஸ்மித்தின் பட்டியலைப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். 2011 பிப்ரவரி 24, 2013 பிப்ரவரி 21, 2015 பிப்ரவரி 19, 2022 பிப்ரவரி 10. நான்குமே ட்ரேட் கெடு நாள்கள். நான்கு முறை கடைசி நாளில்தான் இவர் இடம் மாறியிருக்கிறார். பெரிய ட்ரேடுகள் கெடு நாளில் முடியும். அவற்றைச் சரிக்கட்ட ஒரு சின்ன ஒப்பந்தம் தேவைப்படும். அந்தச் சின்ன ஒப்பந்தம் இவருடையது.

2011இல் ஹூஸ்டன் ஷேன் பேட்டியரை மெம்ஃபிஸுக்கு அனுப்பியபோது இவரும் கூடப் போனார். 2013இல் ஜே.ஜே. ரெடிக்கை ஆர்லாண்டோ மில்வாக்கிக்குக் கொடுத்தபோதும் கூடப் போனார். அந்த ட்ரேடில் எதிர்த்திசையில் வந்தவர்களில் ஒருவர் டோபயஸ் ஹாரிஸ். மூன்றரை வருடம் கழித்து ஹாரிஸும் இஷ் ஸ்மித்தும் டெட்ராயிட்டில் ஒரே அணியில் ஆடினார்கள். நோட்டில் நாலாவது பத்தியை ஒழுங்காக நிரப்பினால் இப்படிப்பட்ட குறுக்குக் கோடுகள் நிறையக் கிடைக்கும். எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்த பகுதி அதுதான்.

2015 கெடு நாளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அவர் அப்போது ஓக்லஹோமா சிட்டியில் இருந்தார். அன்றே அந்த அணி வேறொரு ட்ரேடில் டி.ஜே. அகஸ்டின் என்ற பாயிண்ட் கார்டை வாங்கியது. ஒரே இடத்துக்கு இரண்டு பேர் வேண்டாம். நியூ ஆர்லியன்ஸுக்குப் பணமும் சேர்த்துக் கொடுத்து இவரை அனுப்பிவிட்டார்கள். இவர் எதிலும் குறை வைத்ததாக இதற்கு அர்த்தம் இல்லை. அணிக்கு ஓர் இடம் காலியாக வேண்டியிருந்தது.

காயப் பட்டியல்தான் முக்கியம்

ஐந்தாவது பத்தியை நிரப்ப நேரம் எடுக்கும், ஆனால் விடக் கூடாது. ஓர் அணி திடீரென்று நடு சீசனில் ஒரு பாயிண்ட் கார்டைக் கூப்பிட்டால் பெரும்பாலும் இன்னொரு பாயிண்ட் கார்டின் கணுக்காலோ முழங்காலோ போயிருக்கும்.

2014 அக்டோபர் கடைசியில் ரஸல் வெஸ்ட்புரூக் கை எலும்பு முறிந்தது. அந்த அணியில் இன்னும் பலர் காயத்தில் இருந்ததால், 15 பேருக்கு மேல் ஒருவரை எடுக்க லீக் ஓக்லஹோமா சிட்டிக்கு விதிவிலக்குக் கொடுத்தது. அந்தப் பதினாறாவது இடத்தில் வந்தவர் இஷ் ஸ்மித். அதற்கு முந்தைய சீசனில் ஃபீனிக்ஸில் எரிக் பிளட்சோவுக்கு முழங்கால் போனபோது இவருக்கு நிமிடங்கள் கூடின. 2016இல் டெட்ராயிட் இவருக்கு 3 வருடம், 180 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தது. அவருடைய தொழில் வாழ்க்கையில் முதல் நிம்மதியான ஒப்பந்தம். அங்கே தொடக்க பாயிண்ட் கார்டான ரெஜி ஜாக்சன் முழங்கால் பிரச்சினையால் முதல் 21 ஆட்டங்களில் இல்லை. இவர் தொடங்கினார். 2019இல் வாஷிங்டன் போனார். அங்கே ஜான் வால் காயத்தால் அந்த சீசன் முழுக்க ஆடவே இல்லை.

அடுத்தவர் காயத்தில் ஒருவருக்கு வேலை கிடைப்பது பிள்ளைகளுக்கு முதலில் சங்கடமாக இருக்கும். ஒரு பெண் இதை என்னிடம் நேராகவே கேட்டாள். இந்தத் தொழிலில் அதை மறைக்க முடியாது. அவர்களுக்குள்ளும் அது தெரிந்த விஷயம்தான். பாருங்கள், ரெஜி ஜாக்சனும் இஷ் ஸ்மித்தும் 2023 பிப்ரவரியில் டென்வரில் மறுபடி ஒரே அணியில் சேர்ந்தார்கள். அந்த ஜூனில் இருவரும் சேர்ந்துதான் கோப்பை வாங்கினார்கள்.

காயம் காரணமாக இல்லாத ஓர் அழைப்பும் உண்டு. இந்தப் பட்டியல் முழுவதிலும் எனக்கு முக்கியமான வரி அதுதான். 2015 டிசம்பரில் பிலடெல்பியா அணி 31 ஆட்டம் ஆடி ஒன்றே ஒன்றில்தான் வென்றிருந்தது. அணியில் ஜலீல் ஓக்கஃபோர், நெர்லன்ஸ் நோயல் என்று இளம் உயரக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் பந்தை அவர்கள் கைக்குச் சரியான நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை. கூடைக்குக் கீழே நிற்பவன் எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் பந்து வராவிட்டால் என்ன செய்வான்? அதே வருடத் தொடக்கத்தில் இஷ் ஸ்மித் அந்த அணிக்கு ஆடியிருந்தார், கோடையில் அவரை விட்டிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், இரண்டாம் சுற்றுத் தேர்வு (ட்ராஃப்டில் ஆள் எடுக்கும் உரிமை) இரண்டைக் கொடுத்து நியூ ஆர்லியன்ஸிடமிருந்து அவரைத் திரும்ப வாங்கினார்கள். சில மாதம் முன்பு இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடிய ஒருவருக்கு அந்த விலை. மறுநாளுக்கு மறுநாள் ஃபீனிக்ஸில் அந்த அணி தன் இரண்டாவது வெற்றியைப் பெற்றது. அங்கே மிச்ச சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 7 அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்யும் பாஸ்) கொடுத்தார். அணி 10 வெற்றி, 72 தோல்வி என்றுதான் முடித்தது. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த நான்கு மாதத்தின் வீடியோவைப் பாருங்கள். நோயல் கூடைக்கு மேலே எழும்பும் நேரமும் பந்து அங்கே போய்ச் சேரும் நேரமும் பொருந்தி வருவது தெரியும். அடுத்த கோடையில் டெட்ராயிட் கொடுத்த ஒப்பந்தம் இந்த நான்கு மாதத்தின் பலன் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பணத்தை விட்டுவிட்டுப் படிக்காதீர்கள்

சம்பளம் பற்றிப் பேசுவது பிள்ளைகளைக் கெடுக்கும் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பணக் கணக்கு தெரியாமல் இந்த இடமாற்றங்களில் பாதி புரியாது.

என்.பி.ஏ.வில் குறைந்தபட்சச் சம்பளம் எல்லாருக்கும் ஒன்றல்ல; அனுபவ ஆண்டுகளோடு ஏறும். 2023–24இல் 2 ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு முழு சீசனுக்குச் சுமார் 20 லட்சம் டாலர், 10 ஆண்டோ அதற்கு மேலோ உள்ளவருக்குச் சுமார் 32 லட்சம். அப்படியென்றால் அணிகள் மூத்தவர்களை விட்டு இளைஞர்களைத்தானே எடுக்கும்? அதைத் தடுக்க ஒரு விதி இருக்கிறது. மூத்தவர் ஒருவர் ஒரு வருடக் குறைந்தபட்ச ஒப்பந்தத்தில் வந்தால், 2 ஆண்டு அனுபவக்காரருக்கு ஆகும் தொகை மட்டும் அணியின் கணக்கில் ஏறும், மிச்சத்தை லீக் கொடுத்துவிடும். பல அணி பார்த்தவர்கள் முப்பது வயதுக்கு மேலும் வேலையில் இருப்பதற்கு இந்த ஒரு விதி பெரிய காரணம்.

இன்னொன்று ஓய்வூதியம். 3 ஆண்டு சேவை முடிந்தால்தான் அதற்குத் தகுதி. அதனால் யாருடைய பட்டியலிலாவது இரண்டாவது, மூன்றாவது சீசன் ஊசலாடிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு மையால் கோடு போடுங்கள். இஷ் ஸ்மித் அந்த மூன்று சீசனைத் தாண்டுவதற்குள் ஹூஸ்டன், மெம்ஃபிஸ், கோல்டன் ஸ்டேட், ஆர்லாண்டோ, மில்வாக்கி என்று 5 அணி மாறிவிட்டார்.

ட்ரேடில் சம்பளம் சரிக்கட்டும் விதியும் உண்டு. லீக் வைக்கும் மொத்தச் சம்பள வரம்பைத் தாண்டிய அணிகள் ஏறக்குறைய வாங்கும் அளவுக்குக் கொடுக்க வேண்டும். 2022 ஜூலையில் டென்வர், வில் பார்ட்டனையும் மான்டே மாரிஸையும் வாஷிங்டனுக்குக் கொடுத்து கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்பை வாங்கியது. கூட வந்தவர் இஷ் ஸ்மித். டென்வருக்கு வேண்டியவர் கால்ட்வெல்-போப். ஆனால் அந்த ட்ரேடில்தான் இவர் தன் 13வது அணிக்குப் போனார், 2023இல் மயாமியை 4–1 என்று வென்று அந்த அணி தன் வரலாற்றின் முதல் பட்டத்தை எடுத்தபோது அங்கே இருந்தார்.

வீடியோவில் எதைப் பார்ப்பது

இங்கேதான் பலர் தவறான ஆட்டங்களைத் தேடுகிறார்கள். அதிகப் புள்ளி எடுத்த ஆட்டத்தைப் பார்க்காதீர்கள். சாதாரணமான ஓர் ஆட்டத்தை எடுத்து இரண்டாவது குவார்ட்டரின் முதல் ஆறு நிமிடத்தைப் பாருங்கள். நட்சத்திரம் பெஞ்சில் உட்காரும் நேரம் அது. மாற்று பாயிண்ட் கார்டு சம்பாதிக்கும் நேரம். இவர் உள்ளே வரும்போது ஸ்கோர் வித்தியாசம் என்ன, வெளியே போகும்போது என்ன என்று எழுதுங்கள். வித்தியாசம் கூடாமல் இருந்தாலே அவர் வேலை முடிந்தது.

இஷ் ஸ்மித் மூன்று புள்ளி ஷாட்டுக்குப் பெயர் வாங்கியவர் அல்ல. அவரிடம் இருந்தது வேகம், கூடவே பந்தைத் தொலைக்காத கை. டிரிபிள் செய்துகொண்டே கூடைக்கு அடியில் நுழைவார், ஷாட் இல்லை என்று தெரிந்தால் டிரிபிளை நிறுத்தாமல் மறுபக்கம் வெளியே வந்துவிடுவார். பழைய நட்சத்திர பாயிண்ட் கார்டு ஸ்டீவ் நாஷ் செய்து காட்டியது அது. எங்கள் பிள்ளைகள் கூடைக்கு அடியில் போய்ப் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். இதை மட்டும் பார்த்துப் பழகினாலே போதும் என்று நான் சொல்வேன்.

அப்புறம் டைம்அவுட்டில் கேமரா பெஞ்சைக் காட்டும் சில வினாடிகள். அவர் யாரோடு பேசுகிறார், எந்த இளைஞன் பக்கத்தில் உட்காருகிறார் என்று பாருங்கள். வந்து இரண்டு வாரத்தில் அணியின் எல்லா ஆட்ட அழைப்புகளையும் கற்று, இருபது வயதுக்காரனுக்கு அவனுடைய இடத்தைச் சொல்லித் தருவது ஸ்கோர் அட்டையில் வராது. ஆனால் அடுத்த அணியின் பயிற்சியாளர் போன் எடுப்பது அதற்காகவும்தான்.

கடல் தாண்டும் கிளை

இஷ் ஸ்மித் தன் ஆட்டத்தை அமெரிக்காவுக்குள்ளேயே முடித்துக்கொண்டார். பலருக்கு அப்படி அமையாது. அந்தப் பாதையைப் படிக்க அதே வட கரோலினாவில் பிறந்த பி.ஜே. டக்கரை எடுங்கள். 2013–14இல் இருவரும் ஃபீனிக்ஸில் ஒன்றாக ஆடியவர்கள்.

டக்கர் 2006 ட்ராஃப்டில் 35வதாக டொரோண்டோவுக்குப் போனார், ஒரு சீசன் முடிவதற்குள் விடுவிக்கப்பட்டார். அடுத்த 5 வருடம் இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி என்று சுற்றினார். 2008இல் அவர் இருந்த ஹப்போயல் ஹோலோன், 1994 முதல் தொடர்ந்து பட்டம் வாங்கிவந்த மக்காபி டெல் அவிவை வீழ்த்தி இஸ்ரேல் சாம்பியன் ஆனது. 2012இல் பாம்பர்க் அணியோடு ஜெர்மன் பட்டம், இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அந்தக் கோடையில் லாஸ் வேகஸ் சம்மர் லீக்கில் ஆடிக் காட்டி ஃபீனிக்ஸில் இடம் பிடித்தார். 2021இல் மில்வாக்கியோடு என்.பி.ஏ. பட்டம். கல்லூரியில் புள்ளிகள் குவித்தவர் திரும்பி வந்தபோது ஆடுகளத்தின் மூலையில் (கார்னரில்) நின்று மூன்று புள்ளி அடிப்பவராக, எதிரணியின் சிறந்த ஆளைப் பிடிப்பவராக மாறியிருந்தார்.

ஐரோப்பிய ஒப்பந்தம் வேறு மாதிரி இருக்கும். சம்பளத்தை வரி போக மிஞ்சும் தொகையாகப் பேசுவார்கள். வீடும் காரும் கிளப் கொடுக்கும். ஏஜென்ட் கட்டணத்தையும் பெரும்பாலும் கிளப்தான் கட்டும், என்.பி.ஏ.வில் அது ஆட்டக்காரர் கையிலிருந்து போகும், அதிகபட்சம் 4 சதவீதம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற, சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் அனுமதிக் கடிதம் வேண்டும். சம்பளம் வராமல் போவது அந்தப் பக்கம் அடிக்கடி நடக்கும் விஷயம். அதற்காகவே ஜெனீவாவில் ஃபிபா அமைத்த கூடைப்பந்து நடுவர் மன்றம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் அந்த மன்றத்தைக் குறிப்பிடும் வரி இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே போக முடியாது. தீர்ப்புக்குப் பிறகும் கட்டாத கிளப், புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி தடை வரும். தீர்ப்புகளை வெளியிடுகிறார்கள், சட்டம் படிக்கும் அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தால் ஒன்றிரண்டைச் சேர்ந்து வாசியுங்கள்.

வெளிநாட்டு ஆட்டக்காரர் இத்தனை பேர்தான் என்று லீக்குகள் வரம்பு வைப்பதால் பாஸ்போர்ட்டுக்கும் மதிப்பு உண்டு. பிட்ஸ்பர்க்கில் பிறந்த ஜே.ஆர். ஹோல்டன் ரஷ்யக் குடியுரிமை பெற்று, 2007 யூரோபாஸ்கட் (ஐரோப்பிய நாடுகளின் போட்டி) இறுதியில் மாட்ரிட்டிலேயே ஸ்பெயினை 60–59 என்று தோற்கடித்த கடைசி ஷாட்டைப் போட்டார். நியூ ஆர்லியன்ஸ்காரர் போ மெக்கேலப் மாசிடோனியாவுக்கு ஆடி 2011இல் அதே போட்டியில் அந்த அணியை நான்காம் இடத்துக்குக் கொண்டுபோனார். அணிப் பட்டியலோடு இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு குடியுரிமை வரியும் சேருங்கள்.

ஜி லீக்

நம் பிள்ளைகள் சத்னாம் சிங்கைப் பற்றிக் கேட்பார்கள். 2015இல் டாலஸ் அவரை 52வதாக எடுத்தது; ட்ராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர். என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. இப்போது ஜி லீக் எனப்படும் கீழ் லீக்கில், டாலஸின் துணை அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸில்தான் ஆடினார். அவர் பட்டியலையும் இஷ் ஸ்மித்தின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ட்ராஃப்டில் பெயர் வருவது ஒரு கதவு மட்டுமே என்று புரியும்.

ஜி லீக்கில் 2024–25 சீசன் சம்பளம் சுமார் 43,000 டாலர். என்.பி.ஏ. குறைந்தபட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்ட்ரே இங்ரம் என்பவர் அந்தக் கீழ் லீக்கில் 10 சீசன் ஆடினார். கல்லூரியில் இயற்பியல் படித்தவர். கணக்கு டியூஷன் எடுத்துக் குடும்பம் நடத்தியவர். 2018 ஏப்ரல் 10 அன்று, 32 வயதில், சீசனின் கடைசி இரண்டு ஆட்டத்துக்காக என்.பி.ஏ. அணியான லேக்கர்ஸ் கூப்பிட்டது. ஹூஸ்டனுக்கு எதிராக 19 புள்ளி எடுத்தார். அந்த ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள், சுருக்க வீடியோ போதாது. அவர் ஷாட் போடும் ஒவ்வொரு முறையும் கால் ஒரே மாதிரி வைத்திருப்பார்.

முதல் நோட்டு முடிந்ததும் இரண்டு பேரைக் கொடுப்பேன். ஒருவர் கேரட் டெம்பிள். ட்ராஃப்டில் எடுக்கப்படாதவர், 2009–10இல் ஹூஸ்டன், சாக்ரமென்டோ, சான் ஆன்டோனியோ என்று குறுகிய ஒப்பந்தங்களில் தொடங்கி, நடுவில் இத்தாலி போய், திரும்பி வந்து பல வருடம் ஆடியவர். 10 நாள் ஒப்பந்தம் நிஜத்தில் எப்படி நடக்கிறது என்பதற்கு அவருடைய முதல் வருடம் நல்ல பாடம். இன்னொருவர் ஜோ ஸ்மித். 1995 ட்ராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவர், அப்படியும் 12 அணி பார்த்தார். அவருடைய பட்டியலில் 2000ஆம் ஆண்டுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி வையுங்கள்: மினசோட்டா அவரோடு போட்ட ரகசிய ஒப்பந்தம் வெளியே வந்து, லீக் அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்து, அணிக்கு 35 லட்சம் டாலர் அபராதம் போட்டு, முதல் சுற்றுத் தேர்வுகளையும் பறித்தது. டெம்பிளை முதலில் படியுங்கள், ஜோ ஸ்மித்தை அதற்குப் பிறகு. குறைந்தபட்சச் சம்பளக் கணக்கு கைக்கு வந்தபின் மினசோட்டா விவகாரம் சுலபமாகப் புரியும்.